கோவிந்தசாமி அண்ணன் கடைத் தூணும் வெள்ளிக்கிழமைத் தேங்காயும்

திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

நான் ஓங்கிக் குத்தவில்லை. கெடா மாநிலத்து லூனாஸ் கடைத்தெருவில், கோவிந்தசாமி அண்ணனின் மளிகைக்கடை முகப்பில் நிற்கும் மரத்தூணில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பச்சைச் சாயம் லேசாக உப்பியிருந்தது. அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். மரம் இருக்க வேண்டிய இடத்தில் மரம் இல்லை.

அண்ணன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதர். சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கில் ஒன்றுகூட எழுதாது. அவர் திருப்புளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடை முன் நடைபாதையான அஞ்சடியில் யாராவது நின்று கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எடுக்காத தனம்," என்றார். "எடுத்தா ஓட்ட வெளிய தெரியும்."

ஒரு நிமிடம் நானும் அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருப்புளியை அங்கேயே விட்டுவிட்டு அதில் ஒரு காலண்டரை மாட்டியிருந்தால் கடைக்கும் அழகாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தூணின் தலையில்தான் மேல்மாடியின் பெரிய உத்தரம் உட்கார்ந்திருக்கிறது. மேல்மாடியில் அண்ணனின் குடும்பம் இருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் அதே மாடிக் கூடத்தில் அவர் மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது பேர் வருவார்கள், நம் ஆட்களில் யாரும் மெலிந்தவர்கள் கிடையாது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று எனக்கு மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தூணைப் பார்த்துவிட்டு, இதே அண்ணனிடம், "இது ஒங்களுக்கு அப்புறமும் நிக்கும்ணே," என்று சொன்னவள் நான்தான். அந்தப் பேச்சை நம்பித்தான் கூலிமில் மண்டபம் பார்க்காமல் வீட்டிலேயே விசேஷத்தை வைத்திருந்தார்கள்.

ஈரத்துக்கு வாக்கப்பட்டவள்

போன மாதம் கரையானைப் பற்றி எழுதியதற்கு, சாப்பிடும்போது படிக்க முடியவில்லை என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். அவர் இந்த வாரப் பகுதியையும் கையைக் கழுவிய பிறகே படிப்பது நல்லது.

புதிதாக இந்தத் தொடரைப் பிடித்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கட்டடங்களில் சுவர் ஏன் ஊறுகிறது, மரம் ஏன் மக்குகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்வது என் பிழைப்பு. முதலில் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க, அறையின் ஈரப்பதம் ஏறுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. கொஞ்சம் ஏறினால் சைரன் அடிக்கும், பெரிய பெரிய ஆட்கள் ஓடி வருவார்கள். கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து படுத்தால் என் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூஞ்சை இருக்கும். அதற்கு யாரும் ஓடி வரவில்லை.

ஆள் குறைப்பு வந்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ஈரம் புகாத சாயம் விற்றுக்கொண்டிருந்தார். ஈரத்தைப் பற்றி உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ பூசு, நான் சாயம் தருகிறேன் என்றார். எனக்குத் தெரிந்தது சைரன் அடித்தால் எழுந்து நிற்பது மட்டும்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

சுவர் அழுத வீடு

என் முதல் வேலை சுங்கை லாலாங்கில், தோட்டத்துக் கணக்கு எழுதிய முன்னாள் கிராணியின் பழைய வீட்டில். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருந்தது, அவர் மனைவி ராஜம்மா அக்கா தனியாக இருந்தார். கூடத்துச் சுவரில் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை ஈரம். நான் மும்முரமாக இடுப்பு உயரம் வரை ஈரம் புகாத சாயத்தை மூன்று கை பூசினேன். சுவர் தொட்டால் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மண்ணிலிருந்து ஏறும் ஈரத்துக்குக் காற்றுப்பட்டு உலர ஒரு வழி வேண்டும். அந்த வழியை அடைத்தால் அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போகாது, இன்னும் மேலே ஏறும். இது எனக்கு அப்போது தெரியாது. மூன்று மாதம் கழித்து என் சாயத்துக்கு மேலே, மாலை போட்டு மாட்டியிருந்த கிராணியின் படத்துக்குப் பின்னாலிருந்து ஈரம் வெளியே வந்தது. கண்ணாடிக்குள் இறங்கி, சரியாக அவர் கன்னத்தில் இரண்டு கோடு போட்டிருந்தது.

நான் பதறிப்போய்த் துணியை எடுத்தேன். ராஜம்மா அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருந்த வரைக்கும் இந்த மனுசன் எனக்காக ஒரு சொட்டு அழுவல," என்றார். "இப்பயாச்சும் அழுவட்டும் லா. தொடைக்காத."

சுவரை நான் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிச் சரி செய்து கொடுத்தபோது அக்கா முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த மாதிரிச் சாயத்தை நான் தொடுவதில்லை. ஈரத்தை மூடாதே, எங்கிருந்து வருகிறது என்று தேடு, அது போக வழி விடு. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது மொத்தமே இவ்வளவுதான். இதைச் சொன்னால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால் கையில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழம் உருண்டது

மறுபடி தூணுக்கு வருகிறேன்.

என்னைக் கூப்பிட்டது அண்ணன் இல்லை, கவிதா. மாடிக் கூடத்தில் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கும் எலுமிச்சம்பழம், தட்டிலிருந்து விழுந்தால் ஒவ்வொரு முறையும் தெருப் பக்கமாகவே உருண்டு போனது. அவள் அம்மா சரோஜா அக்கா அதை நல்ல சகுனம் என்றார், மாப்பிள்ளை வீடு அந்தத் திசையில்தான் இருக்கிறதாம். கவிதா தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவள். அவள் ஒரு கோலிக்குண்டை வாங்கி வந்து கூடத்தில் ஆறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு முறையும் அது தூண் இருக்கும் பக்கம் ஓடியது. பிறகுதான் எனக்கு போன் செய்தாள்.

நான் திருப்புளியை வெளியே எடுத்தேன். கூடவே பழுப்பாக ஒரு தூள் கொட்டியது. மக்கிய மரம் சின்னச் சின்னச் சதுரங்களாக வெடித்து, விரலில் தேய்த்தால் காப்பித்தூள் மாதிரி ஆகிவிடும். காளான் வாசனையோடு சேர்ந்து புளித்த தேங்காய் வாசனையும் வந்தது.

சாயத்தைக் கத்தியால் கீறி எடுத்தேன். பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே வெண்ணெய் நிறம், மறுபடி பச்சை, ஒரு வருடம் ஏனோ ரோஸ். தீபாவளிக்குத் தீபாவளி எனாமல் சாயம், முந்தைய சாயத்தின் மேலேயே. கெடாவில் எந்தக் கடைக்காரரையும் கேளுங்கள், சாயம் அடிக்காத தீபாவளியை அவர் தீபாவளி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தத் தோல் மூங்கில் மாதிரித் தடித்திருந்தது. தூணின் அடிப்பகுதி நின்றுகொண்டிருந்ததே பெரும்பாலும் அந்தத் தோலின் தயவில்தான்.

தரைக்கு ஓடு பதித்தபோது தூணின் காலைச் சுற்றிச் சீமெந்து போட்டுப் புதைத்திருந்தார்கள். அதனால் கீழே போன தண்ணீர் வெளியேற முடியாது, மேலே சாயம் இருப்பதால் உலரவும் முடியாது. சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரை ஒழுகவில்லை. குழாய் எதுவும் பக்கத்தில் இல்லை. சாரல் அஞ்சடியைத் தாண்டி உள்ளே வராது.

நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது தூணின் அடியில், ஓட்டுத் தரையில், ஒரு குழிவு கண்ணில் பட்டது. ஒரே இடத்தில் ஏதோ ஒன்று பல ஆண்டுகளாக மோதிய குழிவு. பக்கத்தில் ஒரு சின்னச் சிரட்டைச் சில்லு.

வெள்ளிக்கிழமைத் தேங்காய். எதிரே குளிர்சாதனப் பேரங்காடி திறந்த வருடம், கடை நிலைக்க வேண்டும் என்று அண்ணன் வேண்டிக்கொண்டு தூணடியில் சிதறுதேங்காய் உடைக்க ஆரம்பித்தார். தெருவில் நாலு மளிகைக்கடை மூடியது, இவர் கடை மூடவில்லை. அதனால் வாரம் தவறாமல் சாம்பிராணி போட்டு, தூணுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, விற்பனைத் தேங்காயில் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஒன்றை எடுத்து அங்கே உடைத்தார். தண்ணீர் தெறித்துத் தூண் காலில் இறங்கும். பிசுபிசுப்புப் போக சரோஜா அக்கா இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். மக்க வைக்கும் பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்தோம்பல் எந்த வீட்டிலும் கிடைக்காது.

இதை நான் அண்ணனிடம் சொன்னேன். தூணை வெட்டலாம், சீமெந்தை உடைக்கலாம், சாயத்தைச் சுரண்டலாம், எல்லாவற்றுக்கும் சரி என்றார். தேங்காயை மட்டும் நிறுத்த மாட்டேன் என்றார். அது தேங்காயால் நிற்கிற கடை, உன் மீட்டரால் நிற்கிற கடை இல்லை என்றார். என் மீட்டரைப் பற்றி அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

தூண் இல்லாத வெள்ளி

தச்சு வேலைக்கு ஆ ஹோக் வந்தார். தோட்டத் தொழிலாளர் லயங்களில் கதவு ஜன்னல் செய்து வளர்ந்த சீனர். கோபம் வந்தால் மட்டும் தமிழில் பேசுவார், அவ்வளவும் நல்ல தமிழ், இங்கே எழுத முடியாது. உத்தரத்துக்கு அடியில் நான்கு இரும்பு ஜேக்குகளை நிறுத்தினோம். ஒவ்வொன்றையும் கால் திருகு, அரைத் திருகாக ஏற்றி, இறங்கியிருந்த மாடியை இரண்டு விரற்கடை தூக்கினோம். மேலே எங்கோ ஒரு ஜன்னல் பல வருடங்களுக்குப் பிறகு தானாகச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

தூணின் அடிப்பகுதியை அறுத்தெடுத்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. நெஞ்சு உயரத்துக்கு மேலே மரம் கெட்டியாக இருந்தது, அங்கே பழைய காலத்து மரத்தின் சிவப்பு அப்படியே தெரிந்தது. அதுவரைக்கும் வைத்துக்கொண்டு, கீழே புதிய பாலாவ் மரத்தைப் பொருத்துவதாகத் திட்டம். ஆ ஹோக் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கடை முகப்பில் வெறும் ஜேக்குகளும் தூண் இருந்த குழியும்தான் இருந்தன.

அண்ணன் குளித்து, திருநீறு பூசி, கையில் தேங்காயோடு வந்து நின்றார். குழியைப் பார்த்தார். ஒவ்வொரு ஜேக்காகப் பார்த்தார்.

"எங்க ஒடைக்கிறது?" என்றார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பத்து நாளாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் இத ஒழுங்கா பாக்கலண்ணே. மீட்டர் ஊசிய குத்துனேன், அது சாயத்தையே தாண்டல. ரெண்டு தட்டு தட்டுனேன், கெட்டியா கேட்டுச்சு. அக்கா குடுத்த வடைய தின்னுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். கவிதாவையும் அறுவது பேரையும் இதுமேல ஏத்திவிடப் பாத்தவ நான்தான்."

அண்ணன் தேங்காயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கெட்டியாதான் கேக்கும்," என்றார். "நீ வர்றதுக்கு முதல் வாரம் அடியில பொந்து விழுந்துச்சு. பழைய பேப்பரும் சீமெந்தும் வச்சி நானே அடச்சேன். மேல சாயமும் அடிச்சேன். நீ தட்டுனது சீமெந்த."

அறுத்துப் போட்ட துண்டு ஓரமாகக் கிடந்தது. போய்ப் புரட்டிப் பார்த்தேன். பொந்துக்குள் சீமெந்துக் கட்டி ஒன்று, அதில் ஒட்டிக்கொண்டு நம் தமிழ்ப் பத்திரிகையின் சினிமாப் பக்கம். கதாநாயகி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அண்ணே என்று கேட்டேன். அவர் மாடிப் படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சரோஜா அக்கா நெடுநாளாகச் சுங்கைப் பட்டாணியில் மகன் வீட்டோடு போய் இருந்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தூண் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த மாதமே கடைக்குப் பூட்டு. அதனால் விஷயம் தெரிந்த ஒருவர் வாயால், நன்றாக இருக்கிறது என்று வர வேண்டியிருந்தது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாராம். வடையும் அதற்குத்தான்.

"நீ சொன்னியா, எனக்கே பாதி நம்பிக்க வந்துருச்சு," என்றார். "மீதி பாதிக்குத்தான் தேங்கா. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒன்ன ரெண்டா ஆக்கிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இந்த மனிதர் என்னை ஏமாற்றி, தன்னையும் ஏமாற்றி, பெற்ற மகளையே அந்தக் கூடத்தில் உட்கார வைக்கப் பார்த்தாரே. பிறகு, பொந்தை அடைத்துவிட்டு இரண்டு வருடம் ஒவ்வொரு வெள்ளியும் அவர் அந்தத் தூணுக்கு முன்னால் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்தேன். தூண் விழுந்துவிடக் கூடாது என்று வேண்டி வேண்டி அதன் காலிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அதற்கு ஒரு கை சாயம் பூசியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் தெரு ஓரச் சாக்கடையான லோங்காங் விளிம்பைக் காட்டினேன். இங்கே உடைத்தால் தண்ணீர் நேராக வடிகாலில் போய்விடும், கடையைப் பார்த்து நின்றபடியே உடைக்கலாம் என்றேன். சாமிக்கு அவ்வளவு தூரம் கேட்குமா என்று கேட்டார். பேரங்காடிக்காரன் ஸ்பீக்கர் போடாத நேரமாகப் பார்த்து உடைத்தால் கேட்கும் என்றேன். ஓங்கி உடைத்தார். மூன்று துண்டாகக் கோணலாக உடைந்தது, அதற்கு என்னைத் திட்டினார். மனசு ஆறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தட்டு மாற்றும் நேரம்

புதிய துண்டைப் பழைய மரத்தோடு கோத்து, இரும்புப் பட்டையும் ஆணியும் போட்டு இறுக்கினார் ஆ ஹோக். காலுக்கு ஓர் இரும்புக் காலணி செய்து, தரையில் படாமல் இரண்டு விரற்கடை உயர்த்தி நிறுத்தினோம், அடியில் காற்று போகும். பூஞ்சை மருந்து தடவினோம். சாயம் கிடையாது, எண்ணெய் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வேட்டி கட்டாத மாப்பிள்ளை மாதிரி நிற்கிறதே என்று சரோஜா அக்கா குறைப்பட்டார். ஒரு சந்தனப் பொட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

நிச்சயதார்த்த நாளில் எனக்கும் அழைப்பு இருந்தது. நான் போனபோது மாடியில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நாற்காலி இழுபடும் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் தலைக்கு மேலே கேட்டன. கீழே கடையில் பட்டு வேட்டியோடு அண்ணன் மட்டும் நின்றார். ஒரு கை தூணின் மேல் இருந்தது.

மேலிருந்து சரோஜா அக்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தட்டு மாற்ற வேண்டும், பெண்ணின் அப்பா இல்லாமல் முடியாது. அண்ணன் நகரவில்லை.

"நிக்குமா தனம்?" என்றார்.

"நிக்கும்ணே."

"போன தடவயும் இதான் சொன்ன."

அவர் கையை எடுக்காமலே சொன்னார்.

"நீ மொதல்ல போ. இதுக்கு நேர் மேல போய் ஒக்காரு. அப்புறம் நான் வர்றேன்."

என் எடையை இந்தத் தொடரில் இதுவரை எழுதியதில்லை, இனியும் எழுதப் போவதில்லை. படி ஏறினேன். தூணுக்கு நேர் மேலே மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலி போட்டு அமர்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். அந்த இடத்தில் பலகைத் தரையில் சப்பணம் போட்டு, உடம்பில் உள்ளது அத்தனையும் இறங்கும்படி உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கவிதாவுக்கு மட்டும் புரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பலகை சத்தம் போடவில்லை. கீழே செருப்பைக் கழற்றும் சத்தமும், பிறகு ஒவ்வொரு படியாக அண்ணன் ஏறி வரும் சத்தமும் கேட்டன.

அவர் வந்து சபையைக் கும்பிட்டார். சீர்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், தட்டைத் தூக்குவதற்கு முன் அதிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கும் அவருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. அண்ணன் தட்டைத் தூக்கினார்.